மெர்சிக்கு ஊக்கம் ஊட்டிய கதை

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த அந்த டெக் பார்க்கில் பதினோராயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கம்பெனி காரில் வந்து, தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில் இறங்கி, லிஃப்டில் ஏறி, பொழுது சாய்ந்தபின் அதே வழியாகத் திரும்பிப் போனார்கள். சூரியன் என்று ஒன்று இருப்பதை ஜன்னல் திரையின் ஓரத்தில் தெரியும் ஒரு கோடாக மட்டுமே அவர்கள் அறிந்திருந்தார்கள். இப்படிப்பட்ட இளைஞர்களை வெயிலிலிருந்து காப்பாற்றியாக வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒருநாள் தோன்றியது. தோன்றிய மறுமாதமே ஆறாவது மாடியில் 'இளையோர் சருமப் பாதுகாப்பு ஊக்குவிப்பு மையம்' திறக்கப்பட்டது.

திறப்பு விழா நடந்த நேரத்தில் மெர்சி மூன்றாம் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

மெர்சிக்கு இருபத்து மூன்று வயது. லிங்கராஜபுரத்தில் அம்மா டோரதியோடு ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். தாத்தா கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வெயிலே படாமல் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அந்த முப்பது வருட வெயிலையும் சேர்த்து இப்போது பேத்தி வாங்கிக்கொண்டிருந்தாள். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை, உள்ளே வரும் ஒவ்வொரு காருக்கும் அடியில் நீளக் கம்பு பொருத்திய கண்ணாடியை நீட்டிப் பார்ப்பது அவள் வேலை. குண்டு எதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை. பட்டதெல்லாம் வெயில்தான். மேலிருந்து ஒரு முறை தலையில் விழும். கண்ணாடியில் பட்டுக் கீழிருந்து இன்னொரு முறை முகத்தில் அடிக்கும்.

மார்ச் மாதம் கழுத்திலும் முழங்கைக்குக் கீழேயும் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. இரவெல்லாம் எரிந்தது. தோல் டாக்டரிடம் காட்டினாள். வெயில் ஒவ்வாமை என்றார் அவர். பத்திலிருந்து நான்கு மணி வரை வெயிலில் நிற்கக்கூடாது. நின்றே ஆகவேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, தடவிக்கொள்ளக் களிம்பு. எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சீட்டை சூப்பர்வைசர் நாகேஷிடம் நீட்டினாள். நாகேஷ் கனகபுராப் பக்கத்துக் கன்னடக்காரர், நல்லவர், எதையும் செய்யமாட்டார்.

"நோடும்மா மெர்சி, யூனிஃபார்ம் அரைக்கை. தொப்பி ஓரமில்லாத வட்டத் தொப்பி. க்ளையன்ட் ஸ்மார்ட்டா இருக்கணும்ன்னு சொல்லிட்டான். முழுக்கை, அகலத் தொப்பியெல்லாம் போட்டா தோட்டக்காரி மாதிரி இருக்கும்."

"உள்ள லாபில டியூட்டி போடுங்க சார். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

"லாபிக்கு வேற மாதிரி முகம் கேக்கறாங்கம்மா." நாகேஷ் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காதே. நீ கொஞ்சம் கறுப்பு. கறுப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் ஆகாது. அதுவும் பெங்களூர்ல என்ன பெரிய வெயில்? சென்னைல போய் நின்னு பாரு."

மெர்சி கையைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளங்களைப் பார்த்த நாகேஷ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பெரிய உதவி செய்பவர்போல் ஆறாவது மாடியைச் சுட்டிக் காட்டினார். "அங்க போ. தோலுக்குன்னே ஒரு ஆபீஸ் வெச்சிருக்காங்க."

மையத்தில் எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. குளிரில் மெர்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊக்குவிப்பு அலுவலர் க்ளென், ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அவளைச் சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கட்டிடத்தில் அவளை யாரும் உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தாள். க்ளென் ஒரு தாளை நீட்டினார். 'வெயிலிலிருந்து என் தோலைக் காத்துக்கொள்ள விரும்புகிறேன்' என்பது போல இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடவேண்டும். மெர்சி இருபதுக்கும் ஐந்து போட்டாள்.

தாளை வாங்கிப் பார்த்த க்ளெனின் முகம் வாடியது.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டீங்களே மெர்சி."

"ஆமா சார். எனக்கு ரொம்ப வேணும்."

"அதான் ப்ராப்ளம். எங்க வேலை இளைஞர்களோட ஊக்கத்த ஏத்தறது. நீங்க ஏற்கெனவே மேலேயே நிக்கறீங்க. டேங்க் ஃபுல். நாங்க எங்க ஊத்தறது?"

மெர்சிக்குப் புரியவில்லை. "ஊக்கமெல்லாம் வேணாம் சார். ஒரு தொப்பி, முழுக்கைச் சட்டை, இல்லன்னா கேட் பக்கத்துல மேல ஒரு தகரம் போட்டாக்கூடப் போதும்."

க்ளென் சிரித்தார். குழந்தை எதையோ கேட்டுவிட்டதுபோன்ற சிரிப்பு. "அதெல்லாம் பொருள். நாங்க மனசு. நிழல் போட்டுக் குடுத்தா நீங்க சும்மா நிழல்ல நிப்பீங்க. நிழல் வேணும்ங்கற உந்துதல் உங்களுக்குள்ளேர்ந்து வரணும்."

"வந்துடுச்சே சார்."

"சீக்கிரம் வந்துடுச்சு" என்றார் க்ளென் வருத்தத்தோடு. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஐந்துகளை எல்லாம் இரண்டாக்கிவிட்டால் பன்னிரண்டு வாரத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், முடிவில் பாதுகாப்புப் பெட்டி ஒன்று தருவார்கள், அதில் தொப்பியும் இருக்கும் என்றார். தொப்பி என்ற ஒரு சொல்லுக்காக மெர்சி உட்கார்ந்து இருபது ஐந்துகளையும் அழித்தாள். தன் தோலைக் காத்துக்கொள்வதில் தனக்கு அவ்வளவாக அக்கறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லிஃப்டில் இறங்கும்போது சொந்தக் கை தன்னைப் பற்றிப் பொய் சொன்னதுபோல் இருந்தது.

திட்டத்துக்கு அறுபது இளைஞர்கள் தேவை. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு மூன்று முறை மின்னஞ்சல் போயிற்று. ஒருவரும் வெளியே வரவில்லை. ஆகவே செக்யூரிட்டி, தோட்ட வேலை, ஹவுஸ்கீப்பிங் என்று வெயிலில் நிற்கும் அறுபது பேரைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் புல்வெளியில் வகுப்பு. உள்ளே அறை காலியாக இருக்கிறதே என்று தோட்ட வேலை பார்க்கும் கோவிந்தன் கேட்டதற்கு, அனுபவிக்காமல் கற்கக்கூடாது என்று பதில் வந்தது. க்ளென் முதல் மாடித் தாழ்வாரத்தில் நின்று மைக்கில் பாடம் நடத்தினார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அறுபது பேரும் சூரியனை நோக்கிக் கை நீட்டி, 'என் தோலை நான் காப்பேன், நிழலை நான் நாடுவேன்' என்று உறுதிமொழி எடுக்கவேண்டும். மூன்றாம் வாரம் உறுதிமொழியின் நடுவே ஹவுஸ்கீப்பிங் பெண்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அன்றைய குறிப்பேட்டில் 'பங்கேற்பாளர்களிடம் ஆழ்ந்த உணர்ச்சி வெளிப்பாடு' என்று க்ளென் எழுதினார்.

நான்காம் வாரம் பயமுறுத்தும் பாடம். இளைஞர்களுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை, அழகு போய்விடும் என்பதில்தான் பயம் என்று ஏதோ ஆராய்ச்சி சொல்கிறதாம். ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்து, இப்படியே வெயிலில் நின்றால் அறுபது வயதில் முகம் எப்படி ஆகும் என்று கம்ப்யூட்டரில் காட்டினார்கள். மெர்சியின் முறை வந்தது. திரையில் கன்னம் ஒட்டி, நெற்றியில் கருந்திட்டுகள் படர்ந்து, கண்ணோரம் சுருங்கி ஒரு முகம் எழுந்தது. மெர்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு? பயமா இருக்கா?" என்றார் க்ளென் ஆவலோடு.

"இது எங்க அம்மா சார்."

"இல்லல்ல, இது நீங்க. அறுபது வயசுல."

"எங்க அம்மாதான் சார். இப்பவும் வாரத்துல ரெண்டு நாள் சித்தாள் வேலைக்குப் போறாங்க. அவங்களுக்கு நாப்பத்தாறு வயசுதான் ஆவுது."

 க்ளென் அதை உற்சாகமாக எழுதிக்கொண்டார். "வெரி குட். குடும்பத்திலயே எக்ஸாம்பிள் இருக்கு. அம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க, எல்லாருக்கும் காட்டலாம்."  மெர்சி எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதரின் வாயைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயைக் கழுவவேண்டும்போல் இருந்தது.

ஐந்தாம் வாரம் மூன்றாம் கேட்டருகே இருந்த தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். பிற்பகலில் அதன் நிழல் பத்தடி தூரம் நகர்ந்து வந்து மெர்சி நிற்கும் இடத்தைத் தொடும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற ஏழேகால் மணி நேரத்தைத் தாண்டுவாள். மரம் மறைத்த இடத்தில் மையத்தின் விளம்பரப் பலகை வரவேண்டியிருந்தது. 'நிழலைத் தேடுங்கள்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, குளிர்க்கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்டிருந்தார்கள்.

பலகைக்கும் நிழல் இருந்தது. டிரைவர்களும் காவலாளிகளும் அதன் பின்புறம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். ஆறாவது மாடியிலிருந்து எண்ணிப் பார்த்த க்ளென், பலகையருகே சராசரியாக நாற்பது நிமிடம் மக்கள் செலவிடுவதாக அறிக்கை அனுப்பினார். மேலிடம் பாராட்டியது. யாரும் முன்பக்கம் நின்று படிக்கவில்லை, பின்பக்கம் நின்று பீடி பிடிக்கிறார்கள் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. மறுநாள் ஆட்கள் வந்து பலகை முழுக்கக் கையகல ஓட்டைகள் போட்டார்கள். காற்று போவதற்காம்.

மெர்சியின் கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. சட்டைக் காலர் உரசினால் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் எழுதிய களிம்பு தீர்ந்துபோனதால் டோரதி தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, "வேலைய வுட்டுடு பாப்பா" என்றாள். "வுட்டா நீ மறுபடி வாரமெல்லாம் கல்லு தூக்கணும்" என்றாள் மெர்சி. மறுநாள் பஸ் நிலையத்து வாசலில், ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் மாட்டிக்கொள்ளும் கையுறையையும் அகலமான துணித் தொப்பி ஒன்றையும் வாங்கினாள். கேட்டில் தைரியமாக மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கழுத்து எரியவில்லை.

பதினோரு மணிக்கு நாகேஷ் ஓடி வந்தார். அவருக்கு முன்னால் க்ளென் ஓடி வந்தார்.

"என்ன மெர்சி இப்படிப் பண்ணிட்டீங்க? இது ஆறாவது வாரம்."

"நீங்க சொன்னதத்தானே சார் செஞ்சிருக்கேன்?"

"செய்யணும், ஆனா பத்தாவது வாரம் செய்யணும். எட்டு வரைக்கும் விழிப்புணர்வு, ஒன்பதுல எண்ணம், பத்துலதான் நடத்தை மாற்றம். இப்பவே மாறிட்டா எட்டாவது வாரப் பாடம் எதுக்குன்னு கேப்பாங்க இல்ல? நாலே வாரம். கழட்டி வெச்சுடுங்க, ப்ளீஸ்."

"யூனிஃபார்மும் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார் நாகேஷ்.

தொப்பியையும் கையுறையையும் ஒரு கவரில் போட்டு, சீல் ஒட்டி, 'பத்தாவது வாரம்' என்று எழுதி க்ளென் எடுத்துப்போனார். மெர்சி வெறும் கையோடு அடுத்த காருக்கு அடியில் கண்ணாடியை நீட்டினாள். வியர்வை கழுத்துப் புண்ணில் இறங்கி எரிந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

பத்தாவது வாரம் கவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வார முடிவில் புல்வெளியில் நிறைவு விழா. வெயில் உச்சியில் இருக்கும்போது நடத்தினால்தான் பொருத்தமாக இருக்கும் என்று பன்னிரண்டு மணிக்கு வைத்தார்கள். மேடைக்கு ஷாமியானா, மின்விசிறி, ஐஸ் போட்ட நன்னாரி சர்பத். கீழே அறுபது பேர், அரைக்கைச் சட்டையில். சிறப்பு விருந்தினரின் கார் மேம்பாலத்துச் சுங்கச் சாவடியில் மாட்டிக்கொண்டதால் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவர் வராமலே விழாவைத் தொடங்கினார்கள். மையத்தின் இயக்குநர் டாக்டர் ராமலிங்கம் பேச எழுந்தார்.

"இளைஞர்களே! முப்பது வருடமாக நான் சூரியனை ஆராய்ச்சி செய்கிறேன். இந்த முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் வெயிலில் நின்றதில்லை. அதனால்தான் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது." மேடையில் கைதட்டினார்கள். "சிலர் கேட்கிறார்கள், இவர்களுக்கு ஒரு குடை கொடுத்தால் என்ன என்று. குடை கொடுத்தால் வேலை அன்றைக்கே முடிந்துவிடும். பிறகு மையம் எதற்கு? நான் எதற்கு? இன்று உங்களைப் பார்க்கிறேன். அறுபது முகங்கள். சிவந்து, வியர்த்து, நிழலுக்காக ஏங்கி நிற்கின்றன. இந்த ஏக்கம்தான் எங்கள் சாதனை. இதை உங்களிடமிருந்து யாரும் பறிக்க நாங்கள் விடமாட்டோம்."

'மிகச் சிறந்த ஊக்கம் பெற்றவர்' பரிசு மெர்சிக்கு. மேடையில் ஏறினாள். நிழலில் மின்விசிறிக் காற்று கழுத்துப் புண்ணில் பட்டது. ராமலிங்கம் பாதுகாப்புப் பெட்டியைக் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். பெட்டி காற்றாக இருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு சான்றிதழும் சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் தொப்பியும் இருந்தன. குழந்தையின் கட்டைவிரலுக்குப் பொருந்தும்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்குங்க" என்றார் க்ளென்.

மெர்சி மைக்கின் முன் நின்றாள்.  கீழே கோவிந்தன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெர்சி மைக்கை விட்டு நகர்ந்து, சிறப்பு விருந்தினருக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேடையில் ஒரு சலசலப்பு. நாகேஷ் குனிந்து பின்பக்கமாக வந்து அவள் காதருகே, "ஏய், இறங்கு" என்றார்.

"இறங்கமாட்டேன் சார். தோல் எரியுது."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் மைக் இருந்தது. புல்வெளி முழுக்கக் கேட்டது. முதலில் கோவிந்தன் ஏறி வந்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு ஹவுஸ்கீப்பிங் பெண்கள். பிறகு எல்லாரும். யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. வகுப்பு முடிந்து எழுந்து போகிறவர்களைப்போல நடந்து வந்து ஷாமியானாவுக்குள் நின்றார்கள். அறுபது பேர் நின்றபின் பெரியவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய வியர்வை நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ராமலிங்கம் மேடையைவிட்டு இறங்கினார். நான்கு நிமிடம் வெயிலில் நின்றார். ஐந்தாவது நிமிடம் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டிடத்தை நோக்கி ஓடினார். மிச்சமிருந்த சர்பத்தை ஹவுஸ்கீப்பிங் பெண்கள் டம்ளர் டம்ளராக ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

அன்று மாலையே மெர்சிக்கு வாட்ஸ்அப்பில் வேலை போயிற்று. மையமும் அன்று மாலையே தன் அறிக்கையை முடித்தது: 'அறுபது இளைஞர்களும் ஒரே நேரத்தில், தாமாகவே, நிழலை நோக்கி நகர்ந்தனர். வெற்றி நூறு சதவீதம். திட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப் பரிந்துரைக்கிறோம்.'

மறுநாள் காலை மூன்றாம் கேட்டில் நிற்க ஆள் வரவில்லை. மற்றக் கேட்டுக்காரர்களும் போர்ட்டிகோ நிழலிலேயே நின்றார்கள். நாகேஷ் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். "உறுதிமொழி எடுத்திருக்கோம் சார்" என்றார்கள் அவர்கள். ஒன்பது மணிக்குக் கார்கள் மேம்பாலம் வரை நின்றன. ஒன்பதரைக்கு வெளிநாட்டு க்ளையன்ட் ஒருவர் காரிலிருந்து இறங்கி நடந்து வந்தார். முகம் சிவந்து வந்த அவரைப் பார்த்ததும் நிர்வாகம் நடுங்கிவிட்டது. பத்து மணிக்கு இரண்டு வெல்டர்கள் வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் நான்கு கேட்டிலும் தகரக் கூரை நின்றது. பன்னிரண்டு வாரம் ஊக்கம் ஊட்டிய மையத்தை யாரும் கேட்கவில்லை.  மறுநாள் மையம் கூரையின்மேல் தன் பெயர்ப்பலகையை மாட்டித் திறப்பு விழா வைத்தது.

மெர்சி இப்போது லிங்கராஜபுரத்திலேயே ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். சம்பளம் கம்மி, நடந்தே போய்விடலாம். கழுத்துப் புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் போகவில்லை. டோரதி மறுபடியும் வாரத்தில் ஆறு நாள் சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் திறப்பு விழா போட்டோவை அனுப்பியிருந்தார். ராமலிங்கமும் க்ளெனும் தகரக் கூரையின் கீழ் மாலை போட்டுக்கொண்டு, தோளோடு தோள் உரசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சோற்றுத் தட்டை வைத்துவிட்டு டோரதி எட்டிப் பார்த்தாள். "யாரு பாப்பா இவங்கெல்லாம்?"

"யாரோம்மா" என்றாள் மெர்சி, படத்தை அழித்துக்கொண்டே. "வெயில் படாம நிக்கறவங்க."